தொடலாம், பிடிக்க முடியாது: அந்தரத்தில் உணரும் திரைகளின் கதை

ஃபோர்ஸ் டச் டிராக்பேட் உள்ள மேக்புக் ஒன்று பக்கத்தில் இருந்தால் ஒரு சின்ன சோதனை. அதை முழுசாக ஷட் டவுன் செய்துவிட்டு டிராக்பேடை அழுத்திப் பாருங்கள். மேஜைக் கண்ணாடியை அழுத்தினது போலச் சும்மா இருக்கும். மறுபடி ஆன் செய்து அழுத்தினால் அதே பலகை 'டிக்' என்று அமுங்கி எழும்பும். உண்மையில் அது அப்போதும் அமுங்கவில்லை. நீங்கள் போதுமான அளவு அழுத்திய கணத்தில், அடியில் இருக்கும் மின்காந்தம் பலகையைப் பக்கவாட்டில் நூலிழை அளவு உதறிவிடுகிறது. பக்கவாட்டில் நடந்த அந்த உதறலை விரல் 'கீழே போய் வந்தது' என்று எடுத்துக்கொள்கிறது. 2016-ல் வந்த ஐபோன் 7-ன் ஹோம் பட்டனும் இதே வித்தைதான். அங்கே அசையும் பட்டன் என்று எதுவும் கிடையாது, ஆனால் அழுத்தின உணர்வு மட்டும் அச்சு அசலாக இருந்தது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இல்லாத பொருளை அந்தரத்தில் தொட்டு உணரலாம் என்று ஏதாவது செய்தி வந்தால் ஒரு கூட்டம் அதை மாயாஜாலம் என்கிறது, இன்னொரு கூட்டம் எல்லாம் புருடா என்று தள்ளிவிடுகிறது. இரண்டுமே சரியில்லை. தோல் ஏமாறும், அதுவும் நன்றாகவே ஏமாறும். ஆனால் எதில் ஏமாறும், எதில் ஏமாறவே ஏமாறாது என்பது தெரிந்துவிட்டால், இந்தத் தொழில்நுட்பத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை நாமே ஓரளவு சொல்லிவிடலாம்.

சரி, பிரச்சினைக்கு வருவோம். கையுறை இல்லை, பிடிக்கக் கருவி இல்லை, தொடக் கண்ணாடியும் இல்லை. வெறுங்கையைக் காற்றில் நீட்டினால் அங்கே ஏதோ இருப்பது போலத் தெரிய வேண்டும். அப்படியென்றால் தள்ளி இருக்கும் ஏதோ ஒன்று, நடுவில் கம்பி கிம்பி இல்லாமல், நம் கைமேல் விசையைச் செலுத்தியாக வேண்டும். அதற்கு என்னென்ன இருக்கிறது? காற்று இருக்கிறது, ஒலி இருக்கிறது, ஒளி இருக்கிறது. மூன்றையுமே முயன்றிருக்கிறார்கள்.

காற்றை வைத்துச் செய்ததில் டிஸ்னி ரிசர்ச் 2013-ல் காட்டிய ஐரியல் என்ற கருவி பிரபலம். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கர்கள் காற்றைச் சட்டென்று உந்த, அது குழாய் வாய் வழியாக வளையமாகச் சுருண்டு வெளியே வரும். சிகரெட் பிடிப்பவர்கள் விடும் புகைவளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் புகையை மட்டும் எடுத்துவிடுங்கள். ஃபேன் காற்று கொஞ்ச தூரத்திலேயே சிதறிவிடும், ஆனால் இந்த வளையம் கலையாமல் ஒரு மீட்டர் வரை போய்க் கன்னத்திலோ கையிலோ 'பொத்'தென்று மோதும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ரவிந்தர் தாஹியாவின் குழு 2021-ல் காற்றுத் தாரைகளை வைத்து, மிதப்பது போலத் தெரியும் ஒரு கூடைப்பந்தை உள்ளங்கையால் தட்டும் உணர்வைக் கொடுத்தது. நல்ல வேலைதான். ஆனால் காற்று மெதுவாக வரும், மொண்ணையாகப் படும். பந்து மோதியது என்று சொல்லக் காற்று போதும், ஒரு பட்டனின் விளிம்பு இங்கே இருக்கிறது என்று சொல்ல அது பத்தாது.

அதனால் இந்தத் துறையின் கனமான வேலையெல்லாம் ஒலிப் பக்கமே நடந்திருக்கிறது. மனிதக் காதுக்கு எட்டாத ஒலி, அதாவது அல்ட்ராசவுண்ட், தமிழில் மீயொலி. காரை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் சுவர் இருக்கிறது என்று பீப் அடித்துச் சொல்லுமே, அந்த சென்சாரில் இருக்கும் குட்டி ஒலிபரப்பிகளின் உறவுக்காரர்கள்தான் இங்கேயும். ஒவ்வொன்றும் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம், நொடிக்கு 40,000 தடவை அதிரும். ஒன்றை மட்டும் வைத்துக் கையை நீட்டினால் ஒன்றும் தெரியாது. நூற்றுக்கணக்கில் ஒரு பலகையில் அடுக்கி, எல்லா அலைகளும் ஒரே புள்ளியில் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி பார்த்துக்கொண்டால், அந்தப் புள்ளியில் மட்டும் தோல் அசையும்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிரோயுகி ஷினோடாவின் குழு இதை 2008-ல் செய்து காட்டியது. அடுத்த வருடமே அதே குழு 324 ஒலிபரப்பிகளை வைத்து, குழிவு ஆடியால் அந்தரத்தில் தெரியவைத்த பிம்பத்தைத் தொட்டு உணரும் அமைப்பைக் கொண்டுவந்தது. மேலிருந்து மழைத்துளி விழும், அது கையில் படும்போது பட்டது தெரியும். கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் பயன்படுத்தியது என்ன தெரியுமா, நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் கருவியின் ரிமோட். அகச்சிவப்பைப் பார்க்கும் நல்ல கேமரா அதில் மலிவாகக் கிடைத்தது, எடுத்துக்கொண்டார்கள்.

'ஒரே நேரத்தில் வந்து சேரும்படி' என்று மேலே ஒரு வரியில் சொல்லிவிட்டேன், அதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். 16 சென்டிமீட்டர் சதுரப் பலகை, அதன் நடுவுக்கு நேர் மேலே 20 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி. பலகையின் நடுவிலிருந்து புள்ளிக்கு 20 செ.மீ. விளிம்பின் நடுவிலிருந்து அதே புள்ளிக்கு, பள்ளிக்கூட பைதாகரஸ் கணக்குப்படி, சுமார் 21.5 செ.மீ. வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும் என்று வைத்தால், விளிம்பிலிருந்து வரும் அலைக்கு நடுவிலிருந்து வருவதைவிட ஏறக்குறைய 45 மைக்ரோ நொடி அதிகம் பிடிக்கும் (ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). எனவே விளிம்பில் இருப்பவை முந்திக் கிளம்ப வேண்டும், நடுவில் இருப்பவை 45 மைக்ரோ நொடி காத்திருக்க வேண்டும். 40 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 40,000 அதிர்வில், ஒரு முழு அலைக்கு ஆகும் நேரமே 25 மைக்ரோ நொடிதான். அதில் பாதி பிசகினால் அலைகள் ஒன்றையொன்று கூட்டுவதற்குப் பதிலாக அழித்துவிடும். ஆனால் இதில் ஒரு வசதியும் இருக்கிறது: காத்திருப்பு நேரங்களை மாற்றினாலே போதும், எந்தப் பாகத்தையும் அசைக்காமல் புள்ளி வேறிடத்துக்குத் தாவிவிடும். நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை தாவவைக்கலாம்.

ஒலி எப்படித் தள்ளும் என்ற கேள்வி வரும். அலை என்றால் முன்னும் பின்னும் அசைவதுதானே, கூட்டிக் கழித்தால் சுழி ஆகிவிடாதா? மெல்லிய ஒலியில் ஏறக்குறைய அப்படித்தான். ஒலி மிகவும் பலமாக ஆகும்போது கணக்கு சமமாகாமல் ஒரு பக்கமாகச் சின்ன மிச்சம் நிற்கும். அந்த மிச்சம்தான் கதிர்வீச்சு அழுத்தம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அணுக் கதிர்வீச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோலைப் பொறுத்தவரை இன்னொரு அனுகூலமும் உண்டு. காற்றில் வரும் ஒலிக்கு நம் தோல் கிட்டத்தட்ட ஒரு சுவர் மாதிரி. ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழையும், மீதி அப்படியே திரும்பிவிடும். சுவரில் பட்டு ஒட்டிக்கொள்ளும் களிமண் உருண்டையைவிடப் பட்டுத் திரும்பும் ரப்பர் பந்து சுவரை அதிகமாகத் தள்ளுவது போல, திரும்பிப் போகும் அலை இரட்டிப்பாகத் தள்ளிவிட்டுப் போகிறது.

எவ்வளவு தள்ளும்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. 2009-ல் டோக்கியோ குழு தங்கள் கருவிக்குச் சொன்ன அளவு 1.6 கிராம் எடைக்குச் சமமான விசை. அத்தனை ஒலிபரப்பிகளும் சேர்ந்து பாடி ஒன்றரை கிராம்.

ஒன்றரை கிராமை அசையாமல் உள்ளங்கையில் வைத்தால், கொஞ்ச நேரத்தில் அது இருப்பதையே மறந்துவிடுவோம். அதனால் அசைக்க வேண்டும். தோலுக்குள் பலவகை உணரிகள் இருக்கின்றன. மெர்க்கல் என்பவை நிலையான அழுத்தத்துக்கும் விளிம்புக்கும், மெய்ஸ்னர் என்பவை மெதுவான அதிர்வுக்கும் வழுக்கலுக்கும், ஆழத்தில் இருக்கும் பசினியன் என்பவை வேகமான அதிர்வுக்கும் என்று ஆளுக்கொரு வேலை. பசினியனின் பெயர் 19-ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்றாளர் பிலிப்போ பச்சினியிடமிருந்து வந்தது. காலரா கிருமியை நுண்ணோக்கியில் பார்த்து 1854-லேயே எழுதியும் யாரும் கண்டுகொள்ளாமல் போன அதே மனிதர், பாவம். இந்த பசினியன் உணரிகளுக்கு 200 முதல் 300 ஹெர்ட்ஸ் அதிர்வு என்றால் உயிர். அந்த அலைவரிசையில் தோல் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவாக அசைந்தாலே பிடித்துவிடும். நொடிக்கு 40,000 என்ற அதிர்வு அவற்றுக்குத் தெரியாது. ஆகவே 40 கிலோஹெர்ட்ஸ் அலையை நொடிக்கு 200 தடவை கூட்டிக் குறைத்துக் கொடுத்தால், விசை ஒன்றரை கிராமே ஆனாலும் மூளை 'ஏதோ இருக்கிறது' என்று கண் விழித்துக்கொள்ளும்.

அந்த 'ஏதோ' எப்படி இருக்கும் என்றால், ஸ்ட்ரா வைத்து உள்ளங்கையில் மெல்ல ஊதினது போல, அதில் லேசான குறுகுறுப்பும் சேர்ந்த மாதிரி. பெரும்பாலானவர்கள் முதலில் காற்று என்றே சொல்வார்கள். முன்கையில் அவ்வளவாகத் தெரியாது, உள்ளங்கையிலும் விரல்நுனியிலும்தான் நன்றாகத் தெரியும். பசினியன் உணரிகளிடம் ஒரு குறையும் உண்டு. அதிர்வு வந்தது என்பதைக் கச்சிதமாகச் சொல்லும், எங்கே வந்தது என்பதைச் சொல்வதில் கொஞ்சம் மந்தம். அதிர்வுக்குப் பின்னணியில் ஒரு ரீங்காரமும் கேட்கும், ஏனென்றால் மீயொலி காதில் விழாவிட்டாலும் அதைக் கூட்டிக் குறைக்கும் 200 ஹெர்ட்ஸ் காதுக்கு எட்டும் ஒலிதானே. பூனைக்கு அந்த 40 கிலோஹெர்ட்ஸே கேட்கும் என்பது வேறு கதை.

புள்ளியிலிருந்து உருவத்துக்கு எப்படிப் போவது? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீராம் சுப்ரமணியன், டாம் கார்ட்டர், பென் லாங் முதலானோர் 2013, 2014-ல் செய்த வேலை. காற்றில் ஒரு கோளம் இருக்கிறது என்று காட்ட முழுக் கோளத்தையும் உருவாக்கத் தேவையில்லை. கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேமரா பார்க்கும். அந்த உயரத்தில் கோளத்தைக் குறுக்கே வெட்டினால் எவ்வளவு பெரிய வட்டம் வருமோ, அந்த வட்டத்தை மட்டும் உள்ளங்கையில் வரைவார்கள். கோளத்தின் உச்சியில் கை இருந்தால் நடு உள்ளங்கையில் ஒரு பொட்டு. கை இறங்க இறங்கப் பொட்டு வட்டமாகிப் பெரிதாகும், பாதியைத் தாண்டினதும் மறுபடி சுருங்கும். கோளம் என்ற முடிவுக்கு வருவது மூளைதான், பலகை கொடுத்தது வட்டங்கள் மட்டும். இந்த அழுத்தத்தைக் கண்ணால் பார்க்க அவர்கள் செய்த காரியம் இன்னும் அழகு. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் பலகையைத் திருப்பிவைத்து விளக்கடித்தார்கள். ஒலி அழுத்தின இடமெல்லாம் எண்ணெயில் குழிகள், விளக்கொளியில் அந்த உருவம் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தது.

இப்போது அந்தக் கோளத்தைப் பிடிக்கப் பாருங்கள். கை மூடிக்கொள்ளும். தடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

தோல் ஏமாறாத இடம் இதுதான். இன்னும் சரியாகச் சொன்னால், ஏமாறாதது தோல் அல்ல, தசையும் மூட்டும். ஒரு சுவரை அழுத்தினால் சுவர் திருப்பித் தள்ளுகிறது, அது முடிவது சுவர் தரையில் ஊன்றி நிற்பதால். 1990-களில் எம்.ஐ.டி.யில் தாமஸ் மாஸி உருவாக்கிய ஃபேண்டம் என்ற கருவியில் விரலை ஒரு கரத்தின் நுனியில் நுழைத்துக்கொண்டால், மேஜையில் ஊன்றி நிற்கும் மோட்டார் கரம் கையை நிஜமாகவே தடுக்கும். மாஸி பிற்பாடு அரசியலுக்குப் போய் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஆகிவிட்டார், அது இருக்கட்டும். அந்த வகைக் கருவிகளில் உச்ச விசை 8 நியூட்டன் அளவில் இருக்கும், அதாவது 800 கிராம் சொச்சம். அல்ட்ராசவுண்ட் கொடுத்தது 1.6 கிராம். ஐந்நூறு மடங்கு இடைவெளி. பலகையைப் பெரிதாக்கினால், நாலு பக்கமும் வைத்தால், கொஞ்சம் கூடும். ஆனால் இந்த விசை ஒலியின் செறிவோடு நேராக ஏறுவது, அதனால் ஐந்நூறு மடங்கு விசை வேண்டுமென்றால் ஐந்நூறு மடங்கு செறிவு வேண்டும், அந்த அளவுக்குப் போவதற்கு முன்பே அலை காற்றிலேயே உருக்குலைந்து வெப்பமாக வீணாகத் தொடங்கிவிடும், பக்கத்தில் நிற்பவரின் காதைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்ளும். பொறியாளர்கள் இன்னும் பத்து வருடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் வகையான குறை இல்லை இது.

அறையில் கணினியே பொருள்களை வரவழைக்கும், அதில் தோன்றும் நாற்காலியில் ஆள் உட்காரவே செய்யலாம் என்று கணினி வரைகலையின் முன்னோடி ஐவன் சதர்லேண்ட் 1965-ல் எழுதிய கனவை இந்தச் செய்திகளோடு அடிக்கடி கோத்துப் பேசுவார்கள். எனக்கு அந்த ஒப்பீடு பிடிப்பதில்லை. அல்ட்ராசவுண்ட் அந்த நாற்காலியை நோக்கிய பாதையில் இல்லை. அது டிராக்பேடின் பாதையில் இருக்கிறது. அந்த 'டிக்' நினைவிருக்கிறதா? அதற்கு விசை தேவைப்படவில்லை, சரியான கணத்தில் ஒரு சின்ன உதறல் மட்டும் தேவைப்பட்டது.

பார்ப்பதற்கு வருவோம். இந்தப் பலகைகள் உணர்வை மட்டும்தான் கொடுக்கின்றன, படத்தைக் கொடுப்பதில்லை. படம் கண்ணில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட்டிலிருந்தோ ஆடிகளிலிருந்தோ வர வேண்டும். இதையெல்லாம் ஹோலோகிராம் என்று எழுதுவது ஊர் வழக்கமாகிவிட்டது, ஆனால் அப்படி அழைக்கப்படுவதில் பெரும்பாலானவை ஹோலோகிராமே இல்லை. இரண்டையும் ஒரே கருவியில் கொடுக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. சுப்ரமணியன் பிரிஸ்டலிலிருந்து சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, ரியுஜி ஹிராயாமா உள்ளிட்ட குழுவினருடன் 2019-ல் நேச்சர் இதழில் ஒன்றை வெளியிட்டார்கள். மேலும் கீழும் எதிரெதிரே இரண்டு பலகைகள், மொத்தம் 512 ஒலிபரப்பிகள், நடுவில் ஒலியால் பிடித்து நிறுத்தப்பட்ட 2 மி.மீ. தெர்மாகோல் மணி ஒன்றே ஒன்று. அந்த மணி நொடிக்கு 8.75 மீட்டர் வரை வேகத்தில் பறந்து பறந்து உருவத்தின் கோட்டை வரையும், அதன்மேல் வண்ண விளக்கு அடிக்கும், கண்ணுக்கு அது முழுப் படமாகத் தெரியும். இருட்டில் ஊதுவத்தியைச் சுழற்றினால் வட்டம் தெரியுமே, அதேதான். அதே பலகைகள் நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு காதுக்கு ஒலியையும் கைக்கு உணர்வையும் கொடுத்தன. படம் சின்னது, சந்தேகமில்லை. ஆனால் ஒரு மணியை வைத்துக்கொண்டு மூன்று புலன்களையும் ஏய்த்த கெட்டிக்காரத்தனம் இருக்கிறதே!

ஒளியின் பங்குக்கு, ஜப்பானில் யோய்ச்சி ஓச்சியாயின் குழு 2015-ல் ஃபெம்டோ நொடி லேசரால் காற்றையே அயனியாக்கி ஒளிப்புள்ளிகளாக மின்னவைத்தது. அங்கே படமும் தொடுகையும் ஒன்றே, புள்ளியைத் தொட்டால் உப்புத்தாளைத் தடவியது போல இருக்குமாம். ஒரு நொடியில் கோடி கோடியின் பத்து மடங்கு ஃபெம்டோ நொடிகள் அடங்கும், துடிப்பு அவ்வளவு குட்டையாக இருப்பதால் தோலுக்குச் சேதம் குறைவு. படத்தின் அளவு ஒரு கன சென்டிமீட்டர்.

ஸ்பெயினில் நவார்ரா பொதுப் பல்கலைக்கழகத்தினர் 2025-ல் காட்டியது வேறு வழி. வேகமாக மேலும் கீழும் அதிரும் ஒரு திரையில் நொடிக்கு 2,880 படங்களை வீசி முப்பரிமாண உருவத்தை உண்டாக்கும் முறை முன்பே உண்டு, ஆனால் அதில் கையை விட்டால் திரை உடையும், கையிலும் அடிபடும். இவர்கள் கெட்டித் திரைக்குப் பதிலாக எலாஸ்டிக் பட்டைகளைக் கட்டினார்கள். இப்போது உருவத்துக்குள் விரலை விட்டு, இரண்டு விரலால் பிடித்து நகர்த்தலாம். விரலில் படுவது அந்த உருவம் இல்லை, பட்டைதான். ஆனாலும் பிடிக்க முடிகிறது.

இதெல்லாம் வெளியே எங்கே பயன்படுகிறது? பிரிஸ்டல் வேலையிலிருந்து 2013-ல் பிறந்த அல்ட்ராஹாப்டிக்ஸ் நிறுவனம், கையின் அசைவைப் பிடிக்கும் லீப் மோஷனை 2019-ல் வாங்கி அல்ட்ராலீப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பாஷ் நிறுவனம் 2017-ல் லாஸ் வேகஸ் சி.இ.எஸ். மின்னணுக் கண்காட்சியில் இதை ஒரு காரில் வைத்துக் காட்டியது. கார் என்பது பொருத்தமான இடம் என்றே நினைக்கிறேன். காரில் எல்லாவற்றையும் தட்டையான திரைக்குள் தள்ளிவிட்ட பிறகு, வால்யூமைக் குறைக்கக்கூட சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறது. கையை நீட்டினால் காற்றிலேயே ஒரு குமிழ் 'இங்கே இருக்கிறேன்' என்று சொன்னால், கண் சாலையில் இருக்கலாம். அங்கே தேவைப்படுவது தடுக்கும் விசை இல்லை, தகவல். ஒன்றரை கிராம் தாராளம்.

ஹெட்செட் விளையாட்டில் அவ்வளவு பொருந்தவில்லை. ஹெட்செட் போட்டவர் அறை முழுக்க நடப்பார், பலகையோ மேஜையில் கிடக்கும், அதன் மேலே சில பத்து சென்டிமீட்டருக்குள் கை இருந்தால்தான் உண்டு. பொது இடத்துத் தொடுதிரைகளைத் தொடாமல் இயக்க இதை வைக்கலாம் என்று கொரோனா காலத்தில் நிறையப் பேசப்பட்டது. விரல் நெருங்கியதும் நிறம் மாறும் பட்டனும் ஒரு பீப் ஒலியும் அதே வேலையைப் பத்தில் ஒரு பங்கு சிரமத்தில் செய்துவிடும் என்பதுதான் அங்கே உள்ள தொல்லை.

கடைசியாக, வேகம். 20 சென்டிமீட்டரைக் கடக்க ஒலிக்கு அரை மில்லி நொடிக்குச் சற்று அதிகம் போதும், எனவே தாமதம் ஒலியால் வருவதில்லை. கேமரா கையைப் பார்த்து, கணினி அது எங்கே என்று கணக்குப் போட்டு, பலகைக்குச் சொல்வதற்குள் ஒரு 30 மில்லி நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால், அதற்குள் அது 3 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஒலிப்புள்ளியின் அகலமோ அலைநீளத்தை ஒட்டி ஒரு சென்டிமீட்டர்தான். விரல்நுனிக்கென்று அனுப்பியது விரலைத் தவறவிட்டுக் காற்றில் போய்விடும். என்றைக்காவது இந்தப் பலகை ஒன்றின் மேல் கையை நீட்ட வாய்ப்பு கிடைத்து முதலில் ஒன்றுமே தெரியாவிட்டால், கையைக் கொஞ்சம் மெதுவாக அசைத்துப் பாருங்கள்.